குடும்பத்தோடு கடல் கடந்தவர்களும் இன்றைய விசாவும்

குற்றாலச் சாரலின் குளிர்ச்சி எட்டும் தென்காசி, கடையநல்லூர்ப் பிரதேசத்திலிருந்து சிங்கப்பூருக்குச் சென்றவர்களின் சரித்திரத்தில் விசேஷமான அம்சம் ஒன்று உண்டு. மற்ற ஊர்களிலிருந்து பெரும்பாலும் ஆண்மக்களே தனியாகக் கடல் கடந்து பொருளீட்டித் திரும்பிக்கொண்டிருந்த காலத்தில், நெசவுத் தொழில் நலிந்து ஜீவனத்துக்கு வழியற்றுப் போன இவ்வூர்களின் முஸ்லிம் குடும்பங்கள், மனைவி மக்கள் சகிதமாகவே கப்பலேறின. தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடியமர்ந்த அவர்களில், ஸ்திரீகளும் மிளகாய், மல்லி, மஞ்சள் முதலியவற்றை அரைத்துக் கொடுத்துக் குடும்பத்தைத் தாங்கினார்கள். 1941-இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்ற ஸ்தாபனத்தைத் தோற்றுவித்த இச்சமூகத்தார், 1946-இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியையும் தொடங்கினார்கள். பிள்ளைகள் உடனிருந்ததால்தான் பள்ளிக்கூடம் வேண்டியிருந்தது.

இந்தியரும் பிரிட்டிஷ் பிரஜைகளாகக் கருதப்பட்டமையால் அக்காலத்தில் சிங்கப்பூருக்குள் பிரவேசிப்பதற்குப் பெரிய தடை இருக்கவில்லை. 1953 ஆகஸ்ட் 1 முதல் அமலுக்கு வந்த குடிநுழைவுச் சட்டமே அந்தக் கதவைப் பெருமளவு சாத்தியது. இன்றோ, கட்டுமானம், கப்பல் பட்டறை முதலிய வேலைகளுக்கு ஒர்க் பெர்மிட்டில் செல்லும் தொழிலாளி தன் மனைவியையோ குழந்தையையோ உடன் வைத்துக்கொள்ள விதி இடங்கொடுப்பதில்லை. எஸ் பாஸ் அல்லது எம்ப்ளாய்மென்ட் பாஸ் பெற்றவர்க்கும், மாதச் சம்பளம் 6,000 சிங்கப்பூர் டாலரை எட்டினாலன்றி அந்த உரிமை கிடையாது. ஆகவே, விசா கிடைத்துவிட்டதா என்று மட்டும் கேட்டு அமையாமல், அது எந்த வகை விசா, யாரை உடன் அனுமதிக்கிறது என்று கேட்பதே குடும்பத்தாரின் முதற்கடமை என்று நான் கருதுகிறேன்.

சிங்கப்பூர் ஒர்க் பெர்மிட்டுக்காக நம்மவர்கள் ஐ.பி.ஏ. என்று வழங்கும் அனுமதிக் கடிதத்தை, தொழிலாளியின் தாய்மொழியிலேயே, அவர் புறப்படுமுன் முதலாளி அனுப்பியாக வேண்டும். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படிகள் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் கண்டிருக்கும். ஏஜெண்டு வாயால் சொன்ன தொகையும் கடிதத்தில் கண்ட தொகையும் வேறுபட்டால், நம்ப வேண்டியது கடிதத்தையே. அதை வாசித்துப் பாராமல் நகையை அடகு வைத்துப் பணம் கட்டும் குடும்பங்களை நினைக்கையில் நெஞ்சு பதைக்கிறது.

வளைகுடா, மலேசியா முதலிய நாடுகளின் விஷயம் வேறு. பத்தாம் வகுப்புத் தேறாதவரின் பாஸ்போர்ட்டில் பொதுவாக ஈ.சி.ஆர். (குடிபெயர்வுச் சோதனை தேவை) என்ற குறிப்பு இருக்கும். அவர் சவூதி, குவைத், அமீரகம், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல, 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி பெற்றாக வேண்டும். சிங்கப்பூர் அப்பட்டியலில் இல்லை. இந்த அனுமதியை வீண் தொல்லையென்று எண்ணி, விசிட் விசாவில் போய் அங்கே வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்று ஆசை காட்டுவோர் உளர். அவ்வாறு சென்றவர், அனுமதியோடு சேர்ந்து வரும் 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீட்டை இழப்பதோடு, சம்பளம் வராதபோது முறையிடுவதற்கு வேண்டிய ஒப்பந்தமும் இல்லாமல் நிற்பார். மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியரை விசாவின்றி 30 நாள் தங்க அனுமதித்ததும் சுற்றிப் பார்ப்பதற்கேயன்றி வேலை செய்வதற்கு அன்று.

பதிவு பெற்ற ஏஜெண்டு வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும்தான். அவருடைய பதிவு எண்ணை மத்திய அரசின் ஈ-மைக்ரேட் தளத்தில் சரிபார்த்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும். கொடுத்ததற்கு ரசீதும் அப்போதே கேட்டு வாங்க வேண்டும்.