வெள்ளைக்காரர் வந்திருக்கிறார்!



கிழக்குக் கடற்கரைச் சாலை நம் கட்டுமாவடி வழியாகத்தான் செல்கிறது. வடக்கே சேதுபாவாசத்திரம், தெற்கே மணமேல்குடி என்று நீளும் இந்தச் சாலையில், வேளாங்கண்ணியில் திருயாத்திரையை முடித்துக்கொண்டு இராமேஸ்வரம் பக்கம் போகும் வாகனங்களை நாம் தினமும் பார்க்கிறோம். சிலவற்றில் வெளிநாட்டுப் பயணிகளும் இருப்பார்கள். அவர்கள் நம் ஊரைப் பார்க்க வந்தவர்கள் அல்லர். டீ குடிக்கவும், வெயிலுக்கு ஒதுங்கவும், கரையில் மீன் ஏலம் நடந்தால் ஐந்து நிமிடம் வேடிக்கை பார்க்கவும் இறங்குகிறார்கள். அவர்கள் நம்மை வேடிக்கை பார்ப்பதைவிட நாம் அவர்களை வேடிக்கை பார்ப்பதுதான் அதிகம்.

ஒரு வெள்ளைக்காரர் வண்டியை விட்டு இறங்கியதும் என்ன நடக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? பள்ளிப் பிள்ளைகள் "ஒன் பென், ஒன் பென்" என்று சூழ்ந்துகொள்வார்கள். இளைஞர்கள் அனுமதி கேட்காமலேயே பக்கத்தில் நின்று செல்ஃபி எடுப்பார்கள். பெரியவர்கள் தள்ளி நின்று, உடையைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். இளநீர் போல எந்தப் பொருளானாலும் அதற்குத் திடீரென்று இரண்டு விலை வந்துவிடும். இதில் பெரிய தீமை எதுவும் இல்லை என்று நீங்கள் சொல்லலாம். தீமை இருக்கிறதோ இல்லையோ, ஒன்று மட்டும் உண்மை. அவருடைய பெயர் என்ன, எந்த நாட்டிலிருந்து வந்தார், ஏன் வந்தார் என்று எவரும் கேட்பதில்லை. 'வெள்ளைக்காரர்' என்ற ஒரே சொல்லில் அவரைப் பற்றித் தெரிய வேண்டியது எல்லாம் தெரிந்துவிட்டதாக நாம் நினைக்கிறோம்.

இப்படி ஒரே சொல்லுக்குள் ஆளை அடைப்பது நமக்குப் புதிதல்ல. முற்காலத்தில் அந்தச் சொல் 'பரங்கி'. பிராங்க் என்னும் ஐரோப்பிய இனத்தின் பெயர், அரபியர், பாரசீகர் வாய்வழியாகத் திரிந்து நம்மிடம் வந்து சேர்ந்தது. போர்த்துக்கீசியர் கப்பலில் வந்திறங்கியபோது அவர்கள் பரங்கிகள் ஆனார்கள். இதே கடற்கரையில் சிதம்பரத்துக்குக் கிழக்கே பரங்கிப்பேட்டை இருக்கிறது. கடல் கடந்து வந்த பூசணியைப் பரங்கிக்காய் என்றோம். அவர்களோடு வந்ததாகக் கருதப்பட்ட நோய்க்கும் பரங்கிப்புண் என்றே பெயரிட்டோம். காய்க்கும் புண்ணுக்கும் மனிதருக்கும் ஒரே பெயர்! பரங்கி என்றால் மாட்டிறைச்சி உண்பவன், குடிப்பவன், குளிக்காதவன் என்பது அன்றைய மக்களின் கணிப்பு.

இந்தப் பார்வை நம் திருச்சபையின் வரலாற்றையே திருப்பிவிட்டது. 1606-இல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலி முதலில் கண்டுகொண்டது இதைத்தான். அவருக்கு முன்பே அங்கு ஒரு குரு பணியாற்றிக்கொண்டிருந்தார். ஆனால் மக்கள் அவரைப் பரங்கிகளின் குருவாகவே பார்த்தார்கள். கிறிஸ்தவராவது என்றால் பரங்கிக் குலத்தில் சேர்வது என்றே எண்ணினார்கள். நொபிலி தாம் பரங்கி அல்லர் என்று அறிவித்தார். காவி உடுத்தினார், மரக்கறி உணவுக்கு மாறினார், தமிழும் சமஸ்கிருதமும் கற்றார், தத்துவ போதகர் என்று பெயர் பெற்றார். அவர் செய்தது சரியா என்ற வழக்கு உரோமை வரை சென்று, 1623-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்த பிறகுதான் ஓய்ந்தது. அந்தக் கால மக்களின் பார்வையில் சாதியின் கண்ணும் சேர்ந்தே இருந்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அந்தக் கண்ணுக்கு நொபிலி கொடுத்த விலையை நம் பங்குகளில் சில இன்றும் செலுத்திக்கொண்டிருக்கின்றன.

ஆனால் இன்னொருவரையும் நினைத்துப் பாருங்கள். நமக்குத் தெற்கே ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்டு இறந்த அருளானந்தர், லிஸ்பனில் பிறந்த போர்த்துக்கீசியர். கணக்குப்படி அவரும் பரங்கிதான். இன்று அவர் பெயரை நம் பிள்ளைகளுக்கு வைக்கிறோம். அவர் வெளிநாட்டவர் என்பதே நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவதில்லை.

சரி, இன்றைய காலத்துக்கு வருவோம். இதே சாலையில் வடக்கே போனால் மாமல்லபுரம். 1984 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். 2021-22-இல் ஏறத்தாழ 1 இலட்சத்து 45 ஆயிரம் வெளிநாட்டவர் அங்கு வந்தார்கள். அந்த ஆண்டு தாஜ்மகாலுக்குச் சென்ற வெளிநாட்டவரைவிட இது பல மடங்கு அதிகம். அங்கே வெளிநாட்டவர் என்றால் வாடிக்கையாளர். கிளிஞ்சல் மாலை விற்பவர், கற்சிற்பம் விற்பவர், ஆட்டோ ஓட்டுநர், வழிகாட்டி எனப் பலர் ஒரே நேரத்தில் ஒருவரை அணுகுகிறார்கள். இதை நான் எளிதாகக் குறைசொல்ல மாட்டேன். 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் சுற்றுலா விசாக்கள் நிறுத்தப்பட்டு ஒன்றரை ஆண்டுக்கும் மேல் அந்த வாடிக்கையாளர் வராமல் இருந்தபோது, அவரை நம்பியிருந்த குடும்பங்கள் என்ன பாடுபட்டிருக்கும் என்று நமக்குத் தெரியும். மீன்பிடித் தடைக்காலத்தில் அடுப்பு எப்படி எரிகிறது என்று அறிந்தவர்கள் அல்லவா நாம்!

அதுமட்டுமல்ல, இரண்டு விலை என்பது டீக்கடைக்காரர் கண்டுபிடித்ததும் அல்ல. தொல்லியல் துறையே 2018 முதல் மாமல்லபுரத்தில் இந்தியருக்கு 40 ரூபாயும் வெளிநாட்டவருக்கு 600 ரூபாயும் நுழைவுக் கட்டணம் வைத்திருக்கிறது. நம் மாவட்டத்தின் சித்தன்னவாசலில் 25-க்கு 300. சார்க், பிம்ஸ்டெக் நாடுகளின் குடிமக்கள் இந்தியக் கட்டணம் செலுத்தினால் போதும். இதன்படி, கொழும்பிலிருந்து வரும் சிங்களச் சகோதரருக்கு 40 ரூபாய். பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றுவிட்ட, பாரிசிலிருந்து வரும் யாழ்ப்பாணத்துத் தமிழருக்கு 600 ரூபாய்! சட்டத்தில் தவறு இல்லை. வளர்ந்த நாட்டவர் கூடுதலாகத் தருவதில் ஒரு நியாயமும் இருக்கலாம். ஆனால் அரசின் பலகையில் எழுதி வைத்திருக்கும் கட்டணத்துக்கும், ஆளைப் பார்த்தபின் வாயில் வருகிற விலைக்கும் வேறுபாடு உண்டு.

நாம் மட்டும்தான் இப்படி என்று எண்ண வேண்டாம். புனித இரண்டாம் யோவான் பவுல் பேராயராக இருந்த போலந்து நாட்டின் கிராக்கோவ் நகரை எடுத்துக்கொள்ளுங்கள். 1978-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட இடங்களுள் அதன் பழைய நகரமும் ஒன்று. 2004-இல் போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இணைந்த பிறகு மலிவு விமானங்கள் வந்தன. திருமணத்துக்கு முந்தைய குடி விருந்துக்கென்றே இங்கிலாந்திலிருந்து இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கினார்கள். இரவெல்லாம் கூச்சல், காலையில் தெருவெல்லாம் பாட்டில். பழைய நகரில் குடியிருந்தவர்கள் சலித்துப்போனார்கள். கடைசியில் 2023 ஜூலை 1 முதல் நள்ளிரவுக்குப் பின் கடைகளில் மது விற்க அந்நகரம் தடை விதித்தது. அங்கே இன்றைய 'பரங்கி' ஓர் ஆங்கிலேய இளைஞன் என்று சொன்னால் தவறில்லை.

ஆனால் அதே நகரத்தார்தான் 2016 ஜூலையில் உலக இளையோர் நாளுக்குத் திருத்தந்தை பிரான்சிஸ் சென்றபோது, பல நாட்டு இளைஞர்களைத் தங்கள் வீடுகளில் தங்கவைத்தார்கள். 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும், குழந்தைகளோடு இரயிலில் வந்து இறங்கிய தாய்மாருக்கும் கதவைத் திறந்தார்கள். குடிக்க வந்தவன், செபிக்க வந்தவன், உயிர் பிழைக்க வந்தவள் ஆகிய மூவரும் அந்நியர்தாம். ஊரார் பார்வை வந்தவரின் நாட்டைப் பொறுத்து மாறவில்லை, வந்த நோக்கத்தைப் பொறுத்தே மாறியது. நம்மிடம் எதைப் பொறுத்து மாறுகிறது?

வேளாங்கண்ணிக்குப் போய்ப் பார்த்தால் ஓரளவு விடை கிடைக்கும். பதினேழாம் நூற்றாண்டில் புயலில் சிக்கிய போர்த்துக்கீசிய வணிகர்கள் அந்தக் கரையில் ஒதுங்கினார்கள் என்பதும், ஊர் மக்கள் அவர்களை மாதாவின் ஓலைக் குடிலுக்கு அழைத்துச் சென்றார்கள் என்பதும், அன்று செப்டம்பர் 8 என்பதும் நம் பாரம்பரியம். நனைந்து நடுங்கி வந்தவர்களிடம் யாரும் பேனா கேட்டிருக்க மாட்டார்கள்! இன்றும் மணற்பாதையில் நம்மவரோடு சேர்ந்து ஒரு வெளிநாட்டவர் முழந்தாளில் நகர்ந்து சென்றால், அவரைச் சுற்றி யாரும் கூடுவதில்லை. முன்னால் போகிற பாட்டி திரும்பிப் பார்த்துச் சற்று ஒதுங்கி வழிவிடுகிறார், அவ்வளவுதான். அந்த இடத்தில் அவர் வெள்ளைக்காரர் அல்லர், நேர்த்திக்கடன் செலுத்த வந்த ஒருவர்.

நம் சின்னக் கோவில்களிலோ நிலைமை வேறு. ஒரு வெளிநாட்டவர் திருப்பலிக்கு வந்துவிட்டால் முதல் வரிசையில் நாற்காலி போடுகிறோம், மாலையிடுகிறோம், அறிவிப்பில் வரவேற்கிறோம். திருப்பலி முடிந்ததும் கோபுர நிதி நோட்டோடு ஒருவர் அருகில் வந்து நிற்பார். அதே திருப்பலியில், இங்கே வேலைக்கு வந்திருக்கும் ஒடிசாக்காரப் பையன் கடைசித் தூணுக்குப் பின்னால் நிற்கிறான். ஒடிசாவிலும் ஜார்க்கண்டிலும் நம்மைப் போலவே தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர் உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. மொழி தெரியாமல் வாயசைத்துக்கொண்டிருக்கும் அவனுக்கு ஆசனம் காட்டுவாரும் இல்லை, பெயர் கேட்பாரும் இல்லை. இதைச் சற்றுக் கடுமையாகவே சொல்கிறேன். இதற்குப் பெயர் விருந்தோம்பல் அல்ல, நிறம் பார்த்தல்.

கிரேக்க மொழியில் ஒரு சொல் உண்டு. குருமடத்தில் படித்தபோது அது வெறும் இலக்கணமாகத் தெரிந்தது. பங்கைக் குறிக்கும் 'பாரிஷ்' என்ற ஆங்கிலச் சொல், 'பரோய்க்கியா' என்பதிலிருந்து வந்தது. அந்நிய ஊரில் தற்காலிகமாகத் தங்கியிருத்தல் என்பதே அதன் பொருள். அதாவது பங்கு மக்கள் என்றாலே வெளியூர்க்காரர் என்றுதான் தொடக்கத் திருச்சபை தன்னை அழைத்துக்கொண்டது! லூக்கா நற்செய்தியின் 24-ஆம் அதிகாரத்தில் எம்மாவு வழியில் சீடர்கள் உயிர்த்த ஆண்டவரைப் பார்த்து, எருசலேமில் நடந்தது தெரியாத வெளியூர்க்காரர் நீர் ஒருவர்தானோ என்ற பொருளில் கேட்கும்போதும் அதே வேர்ச்சொல்தான் வருகிறது. சீடர்களின் கண்ணுக்கு அவர் ஊருக்குப் புதிதாக வந்தவர், விவரம் தெரியாதவர். வற்புறுத்தி வீட்டில் தங்கவைத்து, பந்தியில் உட்கார்ந்த பிறகே ஆளை அடையாளம் கண்டார்கள்.

நம் கடலோரத்தில் இந்தக் கேள்விக்கு இன்னொரு முகமும் உண்டு. விமானத்தில் வருபவரைச் 'சுற்றுலாப் பயணி' என்கிறோம். படகில் வருபவருக்கு வேறு பெயர். 2022 மார்ச் முதல், இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் அரிசிக்கும் பால்மாவுக்கும் வழியின்றித் தனுஷ்கோடி மணல்திட்டில் வந்து இறங்கியவர்கள் நம் மொழியையே பேசினார்கள். அவர்களை முதலில் எதிர்கொண்டது விசாரணை, அதன்பின் மண்டபம் முகாம். மறுபக்கம், கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் இருந்து கடலுக்குப் போகும் நம் பிள்ளைகளை இலங்கைக் கடற்படை பிடித்துச் செல்லும் செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. யாழ்ப்பாணத்துச் சிறையில் அவர்களும் வெளிநாட்டவர்தாம். அங்குள்ள சிறுவலை மீனவர் நம் இழுவைமடிப் படகுகளை எந்தக் கண்ணோடு பார்க்கிறார்கள் என்று கேட்டால், நமக்கு இனிக்காத பதிலே கிடைக்கும்.

இரு கரையாரும் ஒருவரை ஒருவர் வேறு விதமாகப் பார்க்க ஓர் இடம் இருக்கிறது. 1974 ஒப்பந்தத்தின்படி இலங்கையின் பகுதியான கச்சத்தீவில், புனித அந்தோணியார் திருவிழா தவக்காலத்தை ஒட்டி நடக்கிறது. இராமேஸ்வரத்திலிருந்து பதிவு செய்துகொண்டு செல்பவர்களுக்குக் கடவுச்சீட்டும் வேண்டாம், விசாவும் வேண்டாம். முதல் நாள் கொடியேற்றம், சிலுவைப்பாதை, தேர்ப்பவனி; மறுநாள் காலை திருப்பலி. குடிநீர்கூட இல்லாத அந்தத் தீவில் யாரும் ஊர்க்காரர் அல்லர், எல்லாரும் வந்தவர்களே. நெடுந்தீவிலிருந்து வந்தவரும் தங்கச்சிமடத்திலிருந்து வந்தவரும் ஒரே மரத்தடியில் பாய் விரித்து, "நீங்க எந்த ஊரு?" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள்.