அண்ணாச்சி கடையில் 'பிரைஸ் மேட்ச்' கிடைக்குமா?

மாசத் தொடக்கத்துல வீட்டுல எழுதுற பலசரக்கு சிட்டையை ஒரு தடவை கையில வாங்கிப் பாருங்க. அரிசி, பருப்பு, எண்ணெய், சீனி, வத்தல், நல்லமிளகு, சோப்பு... ஃபீஸ், வாடகை, கரண்ட் பில் எல்லாம் நாம குறைக்க முடியாத தொகை. இந்தச் சிட்டையில மட்டும்தான் கொஞ்சம் கை வைக்க இடம் இருக்கு. அதுவும் சாப்பாட்டைக் குறைக்காம, விலையை மட்டும் குறைச்சு.

வெளிநாட்டுல இதுக்கு 'பிரைஸ் மேட்ச்'னு ஒரு வழி உண்டு. ஒரு பொருள் பக்கத்துக் கடையில மலிவா இருந்தா, அந்த விளம்பரத்தைக் காட்டினா போதும், இந்தக் கடையும் அதே விலைக்குத் தரும். பிரிட்டன்ல டெஸ்கோ 2020-ல இருந்து சில பொருள்களைப் போட்டிக் கடையான ஆல்டியோட விலைக்கே விக்குது. நாகர்கோவில்ல அப்படி போர்டு வச்ச பலசரக்குக் கடையை நீங்க தேடிக் கண்டுபிடிக்கிறது கஷ்டம். ஆனா அதே வேலையை நாமளே செய்யலாம். தேவை மூணு விஷயம்தான்: ஒரே அளவு, ஒரே தரம், போக்குவரத்துச் செலவு.

அளவை முதல்ல ஒண்ணாக்குங்க

பாக்கெட் விலையை ஒப்பிடுறதுதான் பெரிய பொறி. லிட்டர் பாக்கெட் மாதிரியே தெரியுற எண்ணெய் கவர்ல 850 மில்லி, 800 மில்லின்னு சின்ன எழுத்துல இருக்கும். இதுக்காகவே பாக்கெட்டுல எம்.ஆர்.பி.யோட 'யூனிட் விலை'யும் அச்சடிக்கணும்னு 2022-ல விதி வந்துச்சு. அதுலயும் ஒரு சிக்கல். ஒரு கிலோவுக்குக் குறைஞ்ச பாக்கெட்டுல கிராமுக்கு விலை போட்டிருப்பாங்க, அதுக்கு மேல உள்ளதுல கிலோவுக்கு. ஒண்ணுல 0.22, இன்னொண்ணுல 210-னு இருந்தா, முதல்ல உள்ளதை 1000-ஆல பெருக்குங்க. கிலோ 220 ரூபாய், அதுதான் கூடுதல்.

நம்ம ஊருக்கே உரிய கணக்கு தேங்காய் எண்ணெய். பிராண்டு எண்ணெய் லிட்டர் கணக்குல வரும், செக்கு எண்ணெய் பல இடத்துல கிலோ கணக்குல தருவாங்க. தேங்காய் எண்ணெயோட அடர்த்தி சுமார் 0.92. அதாவது ஒரு லிட்டர்னா 920 கிராம்தான். உதாரணத்துக்கு லிட்டர் 400 ரூபாய், செக்குல கிலோ 430 ரூபாய்னு வைங்க. பார்த்தா செக்கு 30 ரூபாய் கூட. ஆனா 400-ஐ 0.92-ஆல வகுத்தா கிலோ 435 வருது. செக்குதான் லாபம்! 2025-ல தேங்காய் எண்ணெய் விலை ஏறின ஏத்தத்தைப் பார்த்தவங்களுக்கு இந்த வகுத்தலோட மதிப்பு தெரியும்.

அரிசி மூட்டை ஏன் 26 கிலோ ஆச்சுன்னு யோசிச்சிருக்கீங்களா? 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரைக்கும் உள்ள லேபிள் ஒட்டின அரிசிப் பைக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. வந்துச்சு. 25-ஐத் தாண்டினா வரி இல்ல. அதனால ஒரு கிலோ கூட்டிக் கட்டிட்டாங்க. 25 கிலோ 1500, 26 கிலோ 1534-னா, கிலோ 60-ம் 59-ம். மூட்டை விலையைப் பார்க்காதீங்க, கிலோ விலையைப் பாருங்க. தரமும் ஒண்ணா இருக்கணும். சம்பா அரிசியைப் பொன்னி அரிசியோட ஒப்பிட்டா அது கணக்கே இல்ல.

எதை எங்க ஒப்பிடுறது?

ரேஷன் கடையில தொடங்குங்க. அரிசி கார்டுக்கு அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. இந்த விலையோட எந்த சூப்பர் மார்க்கெட்டும் மோத முடியாது. சோத்துக்குப் பிடிக்கலைன்னாலும் தோசை மாவுக்கு அந்த அரிசி ஆகும்.

காய்கறிக்கு வடசேரி உழவர் சந்தை. 1999 நவம்பர் 14-ல மதுரையில தொடங்கின திட்டம் இது. தினமும் விலை நிர்ணயிச்சு போர்டுல எழுதுவாங்க. அந்த போர்டை ஒரு போட்டோ எடுத்துக்கிட்டா, அன்னைக்கு எந்தக் கடையில கேக்குற விலையையும் அதோட ஒப்பிடலாம். 'உழவன்' செயலியிலயும் சந்தை விலை பார்க்கலாம். மளிகைச் சாமானை மொத்தமா எடுக்கணும்னா கோட்டாறு.

சிட்டையில உள்ள நாப்பது பொருளையும் ஒப்பிட வேண்டாம். தொகை பெருசா வர்ற அரிசி, எண்ணெய், பருப்பு, சீனி, தேங்காய்னு அஞ்சாறு போதும். கடுகுல ரெண்டு ரூபாய் மிச்சம் பிடிச்சு ஒண்ணும் ஆகப் போறதில்ல.

பெட்ரோலையும் எழுதுங்க

தக்கலைப் பக்கம் இருந்து கோட்டாறு போய்வர 35 கிலோமீட்டர்னு வைங்க. பைக் மைலேஜ் 50, பெட்ரோல் லிட்டர் 100-னா, 70 ரூபாய் செலவு. 4000 ரூபாய் சாமான்ல 2 சதவீதம் மிச்சம்னா 80. கையில நிக்குறது 10 ரூபாய்! அந்த மாசம் பக்கத்துக் கடையே போதும். காலேஜ் விட்டு வர்ற வழியில வாங்கினா கணக்கு மாறும்.

சாதாரண டவுன் பஸ்ல 2021 மே மாசத்துல இருந்து பெண்களுக்கு டிக்கெட் இல்ல. அதனால "அம்மா போனா செலவே இல்ல"ன்னு தோணும். அம்மாவோட ரெண்டு மணி நேரமும், இடுப்புல தாங்குற அந்தப் பையும் கணக்குல வரலையே? நிறைய வீட்டுல மிச்சம் பிடிக்கிறதுங்கிறது அம்மாவோட நடையும் சுமையும்தான்.

அண்ணாச்சிகிட்ட கேளுங்க

எம்.ஆர்.பி.ங்கிறது அதிகபட்ச விலை. அதுக்குக் கீழ எவ்வளவுக்கும் விக்கலாம். அதுக்கு மேல வாங்கினா நுகர்வோர் உதவி எண் 1915-ல புகார் செய்யலாம். மாசா மாசம் வாங்குற கடையில, "அண்ணாச்சி, கோட்டாறுல பருப்பு இந்த விலைக்குக் கிடைக்கு, நீங்க எவ்வளவுக்குத் தருவீங்க?"ன்னு சாதாரணமா கேளுங்க. முழுசா இல்லைன்னாலும் கொஞ்சமாவது குறைப்பாங்க. நம்ம ஊர் பிரைஸ் மேட்ச் இதுதான். ஒண்ணு ஞாபகம் வைங்க: கையில காசு இல்லாத மாசம் பற்று எழுதித் தர்றதும் அதே அண்ணாச்சிதான். அவர் விலையில உள்ள ரெண்டு ரூபாய் கூடுதல்ல அந்த நம்பிக்கையும் சேர்ந்திருக்கு. எல்லாச் சாமானையும் வெளிய வாங்கிட்டு, கடனுக்கு மட்டும் அவர்கிட்டப் போனா நல்லா இருக்காது.

இந்த மாசம் ஒரு ஷீட் திறங்க. ஆறு பொருள், மூணு கடை, கிலோ விலை, போக்குவரத்து. மூணு மாசம் எழுதினா எதை எங்க வாங்கணும்னு தெளிவாகிடும். அதுக்கப்புறம் பையைத் தூக்குற வேலையையும் நீங்களே எடுத்துக்குங்க, மக்கா.