யாருக்கு எது என்று தீர்மானித்தது யார்?

ஒரு சிகிச்சை பலன் தந்தது என்று செய்தி வந்தால், எத்தனை பேரிடம் ஆராய்ந்தார்கள் என்றுதான் முதலில் தேடுகிறோம். அதைவிடப் பெரிய கேள்வி, யாருக்கு எந்தச் சிகிச்சை என்று தீர்மானித்தது யார் என்பது. 1950களில் காசநோய்க்கு ஓய்வும் சத்தான சாப்பாடும் சானடோரியம் எனும் காசநோய் மருத்துவமனையில் படுக்கையும் கட்டாயம் என்று மருத்துவர்கள் நம்பினார்கள். சென்னையிலோ படுக்கைகள் போதவில்லை. பழைய பதிவேடுகளைப் புரட்டி, படுக்கை கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டிருக்கலாம். ஆனால் படுக்கை கிடைத்தவர் வசதியுள்ளவராக இருந்திருக்கலாம், நோய் முற்றியவராகவும் இருந்திருக்கலாம். தேறியது எதனால் என்று எப்படிப் பிரிப்பது?

1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு, யாருக்கு எது என்பதைக் குலுக்கலிடம் விட்டது. 193 நோயாளிகளில் ஒரு பாதி சானடோரியத்துக்கு, மறு பாதி தங்கள் நெரிசலான வீடுகளுக்கு. மருந்து இரு தரப்புக்கும் ஒன்றே: ஓராண்டுக்கு ஐசோநியசிடும் பாஸும் (PAS). வீட்டில் இருப்பவர் மருந்தை ஒழுங்காக விழுங்குகிறாரா என்று சிறுநீரைச் சோதித்தார்கள். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு எடை கூடுதலாக ஏறியது. சாப்பாட்டின் பலன் அது. நோய் தணிந்தவர்களோ அங்கே 92 சதவீதம், வீட்டில் 86. ஆறு சதவீதம் சும்மாவா என்று கேட்கலாம். குழுவுக்கு நூறு பேர்கூட இல்லாத ஆய்வில் அது ஐந்தாறு பேர் கணக்கு. குலுக்கலிலேயே அவ்வளவு ஏறி இறங்கும். வீட்டில் உள்ள மற்றவர்களுக்குத் தொற்றாதா என்ற அச்சமும் நியாயமானதே. குடும்பத்தாரை ஐந்தாண்டு கண்காணித்தும், வீட்டுச் சிகிச்சையால் அவர்களிடம் நோய் கூடியதாகத் தெரியவில்லை.

எல்லாவற்றுக்கும் சீட்டுக் குலுக்க முடியுமா? முடியாது, பாதிப் பேரைப் புகைக்கச் சொல்லி எவரும் ஆய்வு நடத்த முடியாது. அதனால், புகைத்தால் நுரையீரல் புற்றுநோய் வருமா என்று அறிய, 1951இல் ஆய்வாளர்கள் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் பிரிட்டிஷ் மருத்துவர்களிடம் அவர்களது புகைப்பழக்கத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். இங்கே தீர்மானித்தவர் புகைப்பவரே. புகைக்கத் தூண்டும் மரபணுவே புற்றுநோயையும் தரக்கூடாதா என்று கேட்டார் ரொனால்ட் ஃபிஷர். ஆய்வில் குலுக்கலைப் புகுத்திய மேதையே அவர்தான், பைப் புகைப்பவரும்கூட. கேள்வி சரியானதுதான். ஆனால் சிகரெட் எண்ணிக்கை ஏற ஏற நுரையீரல் புற்றுநோய் ஆபத்தும் ஏறியது, நிறுத்தியவர்களுக்கு ஆண்டுபோக்கில் இறங்கியது. சிகரெட்டை நிறுத்தினால் மரபணு மாறிவிடுவதில்லை.