பாட்டியின் பச்சைச் சேலை

எங்கள் பாட்டிக்கு இருந்தது ஒரே ஒரு வண்ணப் படம். சித்தப்பா திருமணத்தன்று பச்சைச் சேலையில் எடுத்தது. பத்து ஆண்டுகளுக்கு முன் அதை ஸ்கேன் செய்து, பளபளப்பான போட்டோ தாளில் வீட்டு பிரிண்டரிலேயே அச்சிட்டேன். கண்ணாடி போட்டால் விளக்கு வெளிச்சம் தெறிக்கிறது என்று வெறும் சட்டத்தில் மாட்டினோம். 2021 டிசம்பர் வெள்ளம் கிள்ளானில் எங்கள் வீட்டுக்குள் புகுந்தபோது அசல் படமும் கணினியும் போயின. சுவரில் இருந்தது மட்டும் தப்பியது.

ஆனால், அதில் பாட்டி மஞ்சள் சேலையில் இருந்தார்!

வெயிலே படாத சுவர் அது. பிறகு எப்படி? அச்சுத் தொழிலில் இருக்கும் நண்பரிடம் கேட்டபோதுதான், அந்தத் தாளுக்குள் இருக்கும் விந்தை புரிந்தது.

செங்கல் தண்ணீரைக் குடிக்கும், பளபளக்காது. பீங்கான் பளபளக்கும், குடிக்காது. போட்டோ தாள் இரண்டையும் செய்கிறது. அடியில் இருப்பது பிளாஸ்டிக் பூசிய தாள். தவறிப்போய்ப் பின்பக்கம் அச்சிட்டவர்களுக்குத் தெரியும், மை தாமரை இலைத் தண்ணீராக உருண்டு நிற்கும். மையைக் குடிப்பது மேலே உள்ள மெல்லிய பூச்சு. அலுமினா அல்லது சிலிக்கா என்னும் ஆக்சைடு துகள்களைச் சிறிதளவு பசையில் குழைத்துப் பூசுகிறார்கள். துகள்களுக்கு இடையிலுள்ள நுண்துளைகள் மையை நொடியில் இழுத்துக்கொள்கின்றன.

பளபளப்பின் இரகசியம் துகளின் அளவில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர். அடிப்படைத் துகள்களோ சில பத்து நானோமீட்டர்தான். அவ்வளவு சிறியவை ஒளியை அதிகம் சிதறடிப்பதில்லை. அதனால் பரப்பு வழவழப்பாக மின்னுகிறது. பெரிய துகள்களைப் பூசினால் பளபளப்பில்லாத 'மேட்' தாள் கிடைக்கும்.

இன்னொன்று, அலுமினாத் துகள்களின் மேல் நேர்மின்னூட்டம் இருக்கும். மையின் சாயத்துக்கு எதிர்மின்னூட்டம். இரண்டும் ஒட்டிக்கொள்வதால் சாயம் மேலேயே தங்கி நிறம் எடுப்பாகத் தெரிகிறது.

மையை உள்ளே விட்ட அதே துளைகள்தான் காற்றையும் உள்ளே விட்டன. காற்றிலுள்ள ஓசோன் சாயத்தை மெல்ல மெல்லச் சிதைக்கும். பெரும்பாலும் முதலில் தோற்பது நீலச் சாயம். பச்சையிலிருந்து நீலம் போனால் மிஞ்சுவது மஞ்சள்தானே!

அதனால், வீட்டில் அச்சிட்ட படங்களைக் கண்ணாடிச் சட்டத்திலோ ஆல்பத்திலோ வையுங்கள். வாங்கும்போது பிக்மென்ட் மை பயன்படுத்தும் பிரிண்டரா என்று கேளுங்கள்; அது சாய மையைவிட நெடுநாள் தாங்கும். ஸ்கேன் செய்த கோப்பை இரண்டு மூன்று இடங்களில் சேமியுங்கள்.

மங்கிய படத்தை மீண்டும் ஸ்கேன் செய்து, அத்தையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு நிறத்தைச் சரிசெய்தேன். "இன்னும் கொஞ்சம் கரும்பச்சைடா" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், ஒரு கட்டத்தில் பேச்சை நிறுத்திவிட்டார். அதுதான் சரியான பச்சை என்று புரிந்துகொண்டேன்.

இம்முறை கண்ணாடி போட்டுத்தான் மாட்டியிருக்கிறோம். வெளிச்சம் தெறித்தால் தெறிக்கட்டும்.