பிரண்டையும் பானைத் தண்ணீரும்

நோயை இறக்கிய அல்லாஹ் அதற்குரிய நிவாரணத்தையும் இறக்கியே இருக்கிறான் என்பது நம் நாயகம் (ஸல்) அவர்கள் அளித்த நற்செய்தி. இதனைச் செவியுறாத முஸ்லிம் இல்லம் இராது. ஆனால், நிவாரணத்தைத் தேடும் நாம் நோயின் மூலத்தையும் தேடுகின்றோமா? ஒகேனக்கல் கரையில் இவ்வினா என் உள்ளத்தில் எழுந்தது.

தர்மபுரி மாவட்டத்தில், பாறைகளைப் பிளந்துகொண்டு காவிரி வீழ்கின்ற இடம் ஒகேனக்கல். புகையும் பாறை என்பது அப்பெயரின் கன்னடப் பொருள். அருவியில் நீராட வருவோருக்கு எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடும் தொழிலாளர் அங்கு உண்டு. பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்த முதியவர் ஒருவர், எண்ணெய் தேய்த்த முழங்காலுடன் பாறை மீது அமர்ந்திருந்தார். "ஹஜ்ரத், மூட்டு வலிக்கும் வயிற்று மந்தத்திற்கும் வீட்டில் பிரண்டைத் துவையல்தான். பசி எடுக்கிறது, முட்டி மட்டும் மடங்க மாட்டேனென்கிறது" என்றார். அருகில் நின்ற அவருடைய பேரன் சிரித்தான். அச்சிறுவனின் பற்களில் பழுப்புக் கோடுகள் படிந்திருந்தன.

பிரண்டை எளிய மூலிகையன்று. வேலியோரங்களில் நான்கு பட்டையாய்ப் படரும் இக்கொடிக்கு வச்சிரவல்லி என்றும் பெயருண்டு. கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு இளந்தண்டின் நாரை உரித்து, எண்ணெயில் நன்கு வதக்கி, புளி சேர்த்து அரைப்பது நம் தாய்மார் அறிந்த முறை. தண்டிலுள்ள ஆக்சலேட் படிகங்களே நாவில் அரிப்பை உண்டாக்குபவை. ஆகவேதான் இத்தனை பக்குவம். காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் அறிஞர்களான உடுப்பாவும் பிரசாத்தும், முறிந்த எலும்பு கூடுவதில் பிரண்டைக்குள்ள பங்கை விலங்குகளிடம் ஆராய்ந்து 1960களில் எழுதினர். இவ்வளவு சிறப்புடைய மூலிகை அம்முதியவரின் மூட்டுக்கு ஏன் உதவவில்லை?

விடை அவருடைய பேரனின் பற்களில் இருந்தது. தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களின் பல ஊர்களில், கடும்பாறைக்கு அடியிலிருந்து வரும் கிணற்று நீரில் ஃபுளோரைடு என்னும் உப்பு மிகுந்துள்ளது. ஒரு லிட்டர் குடிநீரில் அது 1.5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. மீறிய நீரைப் பால்யத்தில் பருகினால், முளைக்கும் பற்களில் கறை படிகிறது. பல்லாண்டுகள் பருகினால் எலும்பு தடித்து, மூட்டு இறுகி, முதுகும் கழுத்தும் வளையாது போகின்றன. வயிற்று வலியும் பசியின்மையும் கூட அதனால் உண்டாவதுண்டு. இந்நாட்டில் இந்நோய் 1937ஆம் ஆண்டிலேயே, அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியில் கண்டறியப்பட்டது. இறுகிய எலும்பை முன்போல் ஆக்கும் மருந்து இன்றளவும் இல்லை. நீரை மாற்றுவதே தலையாய வழி.

மூட்டு வலியெல்லாம் தண்ணீரால் வருவதென்று கூறவில்லை. முதுமையும், வாதமும், உடற்பருமனும் காரணமாகலாம். ஆயினும் வீட்டில் பெரியவருக்கு மூட்டு இறுக்கமும் பிள்ளைக்குப் பற்கறையும் சேர்ந்து காணப்பட்டால், முதலில் பானைத் தண்ணீரையே சோதிக்க வேண்டும். காலையில் துவையலும் மாலையில் அதே கிணற்று நீரும் எனில், ஒரு கையால் கட்டுவதை மறு கையால் இடிப்பதன்றோ?

இதற்கெனவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன், 1,900 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட செலவில் நிறைவேற்றப்பட்டு 2013ஆம் ஆண்டு மக்களுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அம்முதியவர் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வந்த அதே காவிரிதான் குழாய் வழியே ஊர்களுக்குச் செல்கிறது. ஆனால் அவர் வீட்டில் குழாய் நீரைப் புழக்கத்திற்கு வைத்துவிட்டு, ருசியாயிருக்கிறதென்று ஆழ்துளைக் கிணற்று நீரைப் பருகி வந்தனர்! ருசியைக் கொண்டு ஃபுளோரைடை அறிய இயலாது. காய்ச்சினாலும் அது நீங்காது. நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடவே செய்யும்.

ஆதலால் இல்லத்தரசிகளே, காவிரி நீரைக் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் ஒதுக்குங்கள். கிணற்று நீரைத் துவைக்கவும் குளிக்கவும் கொள்ளுங்கள். ஜமாஅத்தார்களே, பள்ளிவாசலின் ஆழ்துளைக் கிணற்று நீர் ஒளூவுக்குத் தாராளமாய் ஆகும். நெடுநேரம் கொதிக்கும் நோன்புக் கஞ்சிக்கு அதனை ஊற்றுமுன் குடிநீர் வாரியத்தின் சோதனைக்கூடத்தில் ஒருமுறை காட்டுங்கள். பிரண்டையை உணவாக உண்ணுங்கள். சிறுநீரகக் கல் உடையோர் மருத்துவரைக் கேட்டு உண்ணட்டும். மருத்துவம் அறியாதவன் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால் அவனே பொறுப்பாளி என்பது நபிமொழியின் கருத்து. மூட்டு இறுகியவரை முறுக்கிப் பிடித்துவிடுவோர் இதனை நினைவில் கொள்வார்களாக.

தாயை இழந்த ஸஃது இப்னு உபாதா (ரலி) அவர்கள், எந்தத் தர்மம் மேலானது என வினவியபோது, தண்ணீர் என்றே நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். அவரும் தாயின் பெயரால் கிணறு ஒன்றை வெட்டினார். இன்று நம் ஊரில் குழாய் எட்டாத அண்டை வீட்டாருக்கு, அவர் எச்சமயத்தவராயினும், ஒரு குடம் நன்னீர் தருவதும் அத்தர்மமே ஆகும்.

அந்தப் பேரனின் பற்களில் படிந்த கறை இனி மாறப்போவதில்லை. அவன் எலும்புகளையேனும் காக்க இன்னும் காலம் இருக்கிறது. வல்ல நாயன் நமக்கு நன்னீரையும் நல்லறிவையும் தந்தருள்வானாக! ஆமீன்.