எண்ணெய்க்கு முன்னால் நெருப்பு

கத்தரிக்காயைப் பற்றி எந்தச் சமையலறையில் கேட்டாலும் ஒரே புகார்தான்: எண்ணெய் குடிக்கிறது. கம்போடியர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 'சா த்ரோப் டோத்' என்ற அவர்களுடைய வீட்டுப் பொரியலில் நீளக் கத்தரிக்காயை முழுசாகத் தீயில் சுட்டு, தோலை உரித்த பிறகுதான் வாணலிக்குக் கொண்டுபோகிறார்கள். பூண்டு, கொத்திய பன்றி இறைச்சி, நொதித்த சோயா பீன்ஸ், மீன் சாஸ், கொஞ்சம் சர்க்கரை. அதற்குமேல் சில நிமிட வேலைதான். சுடுவது புகை மணத்துக்காக என்று பொதுவாகச் சொல்வார்கள். மணம் வருவது உண்மை, ஆனால் அது உபரி. காயின் உள்ளமைப்பையே உடைத்துப்போடுவதுதான் அந்தத் தீ செய்யும் பெரிய வேலை. இது பிடிபட்டால், நம் வீட்டில் செய்யும்போது எதை விட்டுவிடலாம், எதை விடக்கூடாது என்பதும் பிடிபடும்.

கத்தரிக்காயின் எடையில் சுமார் 92 சதவீதம் தண்ணீர். இருந்தும் அது தண்ணீரில் மிதக்கிறது. சதையின் செல்களுக்கு நடுவே காற்று நிரம்பிய இடைவெளிகள் ஏராளமாக இருப்பதுதான் காரணம். பச்சையாக நறுக்கி எண்ணெயில் போட்டால் அந்த இடைவெளிகளில் எண்ணெய் ஏறிக்கொள்கிறது. முழுக்காயைத் தீயில் வைக்கும்போது நடப்பது வேறு. வெளியே தோல் கருகும் அளவுக்குச் சூடு இருந்தாலும், உள்ளே தண்ணீர் இருக்கும்வரை சதையின் வெப்பநிலை 100 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதில்லை. தன் தோலுக்குள்ளேயே, தன் ஆவியிலேயே காய் வேகிறது. ஏறக்குறைய 85 டிகிரியில், செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருக்கும் பெக்டின் வேகமாகச் சிதையத் தொடங்குகிறது. செல்சுவர் தளர்கிறது, காற்று வெளியேறுகிறது, இடைவெளிகள் அமுங்கிவிடுகின்றன. அடுப்பின் மேலேயே இதைக் கண்ணால் பார்க்கலாம். கத்தியால் குத்திவைத்த துளையில் ஆவி சீறும். காம்பை இடுக்கியால் பிடித்துத் தூக்கினால், விறைப்பாக இருந்த காய் துவண்டு தொங்கும். (துளை போடாமல் சுட்டால் சில சமயம் வெடிக்கும்.) தோல் எவ்வளவு கருகியது என்பது ஒரு கணக்கே இல்லை. காம்புப் பக்கம் வரை துவண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். துவளாத இடத்தில் வெள்ளையாக நிற்கும் சதை வாணலியில் பழையபடி எண்ணெயைக் குடிக்கும்.

உப்பு தடவிப் பிழிந்தால் போதாதா என்று கேட்கலாம். உப்பும் செல்களிலிருந்து தண்ணீரை இழுத்துச் சதையை ஓரளவு அமுக்கும், எண்ணெயும் குறையும். ஆனால் இந்தப் பொரியலுக்கு அது ஒத்துவராது. மீன் சாஸும் நொதித்த சோயாவும் ஏற்கெனவே உப்பைச் சுமந்துகொண்டுதான் வருகின்றன. மைக்ரோவேவ் அதே அமுங்கலைச் சில நிமிடங்களில் தந்துவிடும், மணத்தை மட்டும் தராது. அவசரத்துக்கு அது போதும். குடித்த எண்ணெய் காய் நன்றாக வதங்கியதும் திரும்பக் கசிந்துவிடும், பிறகென்ன என்பது இன்னொரு வாதம். ஒரு பகுதி கசியும்தான். ஆனால் அதற்குள் இறைச்சியும் தன் கொழுப்பை விட்டிருக்கும், தட்டில் எல்லாம் சேர்ந்து மிதக்கும்.

கரி அடுப்பு இல்லாத வீட்டில் இது சரியாக வராது என்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. மரப்புகைக்கு மணம் தரும் குவயகோல் போன்ற சேர்மங்கள் மரத்திலுள்ள லிக்னின் சிதையும்போது உண்டாகின்றன. மரத்தைக் கரியாக்கும்போதே லிக்னினில் பெரும்பகுதி சிதைந்துபோகிறது. எனவே நன்றாகக் கனன்ற கரியிலிருந்து வருவது பெரும்பாலும் சூடுதான். மணத்தைத் தருவது கருகும் தோல். அதை கேஸ் அடுப்பிலும் கருக்கலாம். கருகல் உடம்புக்குக் கெடுதியாயிற்றே என்ற அச்சம் நியாயமானது. ஆனால் சுடும் உணவில் பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் சேருவது முக்கியமாக, கொழுப்பு தீயில் சொட்டி எழும் புகையால். கத்தரிக்காயில் கொழுப்பு மிகக் குறைவு, கருகிய தோலையும் உரித்து எறிந்துவிடுகிறோம். ஒட்டியிருக்கும் துணுக்குகளை விரலால் வழித்தெடுத்தால் போதும்; குழாயடியில் கழுவினால் மணமும் சேர்ந்து போய்விடும். தோலோடு நாசுனின் என்ற ஊதா நிறமி போவது நஷ்டம்தான்.

இதையெல்லாம்விட வலுவான மறுப்பு கம்போடியச் சமையலுக்குள்ளேயே இருக்கிறது. 'சம்லோ கொகோ' என்ற புகழ்பெற்ற குழம்பில் கத்தரிக்காயைச் சுடாமல் பச்சையாகவே போடுகிறார்கள். மீன், பச்சைப் பப்பாளி, வாழைக்காய், பூசணி, வறுத்து இடித்த அரிசி, எலுமிச்சைப் புல்லும் பேரரத்தையும் மஞ்சளும் சேர்த்து அரைத்த 'க்ரூங்' விழுது, மீனை உப்பிலிட்டு நொதிக்கவைத்த 'ப்ரஹொக்' என எல்லாம் அதில் உண்டு. மழைக்காலத்தில் மேகாங் ஆற்றின் வெள்ளம் தொன்லே சாப் ஆற்றையே பின்னோக்கி ஓடவைக்க, அதே பெயருள்ள ஏரி பல மடங்கு விரிகிறது. வெள்ளம் வடியும்போது குவியும் மீனை வீணாக்காமல் வைத்துக்கொள்ளும் வழி ப்ரஹொக். இந்தக் குழம்பில் காயைச் சுற்றி இருப்பது எண்ணெய் அல்ல, ப்ரஹொக் கரைந்த நீர். பொரியலில் எண்ணெய் ஏறிய அதே இடைவெளிகளில் இங்கே குழம்பு ஏறுகிறது. பொரியலில் குறையாக இருந்த குணம் குழம்பில் வசதியாகிவிடுகிறது. சுட்டுப்போட்டால் காய் குழம்பை உறிஞ்சாமல் அதில் கரைந்துபோகும். ஆகவே இந்தக் குழம்பு தீயின் அவசியத்தை மறுக்கவில்லை, அது எங்கே தேவை என்று காட்டுகிறது.

பொரியலின் சுவைக்கு வந்தால், எதை மாற்றலாம் என்பது இன்னும் எளிது. நொதித்த சோயாவும் மீன் சாஸும் குளுட்டமேட்டைத் தருகின்றன, இறைச்சி இனோசினேட்டைத் தருகிறது. இரண்டும் சேர்ந்தால் சுவை கூட்டல் கணக்கில் அல்ல, பெருக்கல் கணக்கில் கூடுகிறது. சைவமாகச் செய்பவர்கள் இறைச்சிக்குப் பதில் உலர்ந்த ஷிடாகே காளானை ஊறவைத்து நறுக்கிப் போடலாம். அதிலுள்ள குவானிலேட்டும் குளுட்டமேட்டோடு சேர்ந்து அதே வேலையைச் செய்யும். மீன் சாஸுக்குப் பதில் சோயா சாஸ். சர்க்கரைக்கு மட்டும் மாற்றுத் தேடவே வேண்டாம். கம்போடியாவில் இதற்குப் போடுவது நம்முடைய அதே பனைமரத்தின் பதநீரைக் காய்ச்சி எடுத்த சர்க்கரை. கம்போங் ஸ்பூ மாகாணத்துப் பனஞ்சர்க்கரைக்கு 2010ல் அந்த நாடு புவிசார் குறியீடே வழங்கியது. கருப்பட்டியைத் தட்டிப் போட்டால் பொரியல் சற்றுக் கறுக்கும், ருசிக்குப் பழுதில்லை.