பழைய லாரிகளில் ஸ்டீயரிங் தளர்வு

ஸ்டீயரிங் தளர்வு என்பது, வண்டியின் ஸ்டீயரிங்கைச் சிறிது திருப்பிய பின்னும் முன் சக்கரங்கள் திரும்பாமல் இருக்கும் நிலையாகும். சக்கரங்கள் அசையத் தொடங்கும்வரை ஸ்டீயரிங் வீணாகச் சுற்றும் அளவைப் பட்டறைகளில் 'பிளே' அல்லது 'ஆட்டம்' என்பர். புதிய லாரியிலும் சிறிதளவு ஆட்டம் உண்டு. வண்டி ஓட ஓட அது மெல்ல மெல்லக் கூடும். ஓட்டுநரின் கையும் அதற்குப் பழகிவிடுவதால், எவ்வளவு கூடியிருக்கிறது என்பது பல வேளைகளில் அவருக்கே தெரிவதில்லை.

இந்தியச் சாலைகளில் நெடுங்காலமாக ஓடும் லாரிகளில், முன்புறம் குறுக்கே ஒரே இரும்பு அச்சும் அதன்மேல் பட்டை ஸ்பிரிங்குகளும் இருக்கும். இங்கு விளக்கப்படுவது அவ்வகை லாரிகளின் ஸ்டீயரிங் ஆகும்.

அமைப்பு

ஸ்டீயரிங்கிலிருந்து இறங்கும் தண்டு, ஸ்டீயரிங் பெட்டிக்குள் செல்கிறது. பெட்டிக்குள் திருகுத் தண்டு, அதன்மேல் இரும்புக் குண்டுகளின் மீது நகரும் நட்டு, அந்த நட்டுடன் இணையும் பற்சக்கரத் துண்டு ஆகியவை உள்ளன. பெட்டியின் வெளிப்புறத்தில் உள்ள டிராப் ஆர்ம் முன்னும் பின்னும் ஆடி, டிராக் லிங்க் என்னும் கம்பியைத் தள்ளி இழுக்கிறது. அக்கம்பி ஒரு பக்கத்துச் சக்கரத்தைத் திருப்புகிறது. டை ராட் என்னும் குறுக்குக் கம்பி அந்த அசைவை மறுபக்கச் சக்கரத்துக்குக் கொண்டு செல்கிறது. இரு சக்கரங்களும் கிங் பின் என்னும் செங்குத்தான முளைகளைப் பற்றித் திரும்புகின்றன.

இவ்வளவு இணைப்புகளில் எது தேய்ந்தாலும் ஸ்டீயரிங் தளரும். பெரும்பாலும் ஒரே உறுப்பு முழுதும் கெட்டிருக்காது. பல இடங்களில் உள்ள சிறுசிறு தேய்மானங்கள் ஒன்றுசேர்ந்தே பெரிய ஆட்டமாக வெளிப்படும்.

ஒரு மில்லிமீட்டரின் விளைவு

ஸ்டீயரிங் பெட்டியின் விகிதம் 20:1 என்று கொண்டால், ஸ்டீயரிங்கை 20 பாகை திருப்பினால் டிராப் ஆர்ம் 1 பாகை நகரும். 200 மி.மீ. நீளமுள்ள டிராப் ஆர்மின் நுனியில் 1 மி.மீ. இடைவெளி இருந்தால், அது ஏறத்தாழ 0.29 பாகை. பெட்டி வழியாக மேலே வரும்போது அதுவே சுமார் 5.7 பாகை ஆகிறது. 500 மி.மீ. விட்டமுள்ள ஸ்டீயரிங்கின் விளிம்பில் இது ஏறக்குறைய 25 மி.மீ., அதாவது ஓர் அங்குலம். கண்ணுக்கு எளிதில் தெரியாத தேய்மானம் கையில் ஓர் அங்குலமாகத் தெரிவதற்குக் காரணம் இதுவே.

கிங் பின்னின் தேய்மானம் வேறு வகையானது. அதில் சக்கரம் மேலும் கீழுமாகச் சாயுமே தவிர, ஸ்டீயரிங்கில் பெரிய ஆட்டம் தெரியாது. வண்டி நேராக ஓடாமல் இருபுறமும் அலைவது, குறிப்பிட்ட வேகத்தில் முன் சக்கரங்கள் நடுங்குவது, டயர் ஒரு பக்கமாகத் தேய்வது ஆகியவை அதன் அறிகுறிகள்.

அனுமதிக்கப்பட்ட அளவு

இந்தியாவின் மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 98ஆம் விதிப்படி, ஸ்டீயரிங்கில் ஆட்டம் 30 பாகைக்கு மேல் இருக்கக் கூடாது. பால் ஜாயிண்டுகளுக்கு ரப்பர் உறை இருக்க வேண்டும். போல்ட்டுகளும் பின்களும் கழலாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும். 500 மி.மீ. ஸ்டீயரிங்கில் 30 பாகை என்பது விளிம்பில் சுமார் 130 மி.மீ. ஆகும். இது சட்டத்தின் மேல் எல்லையே. நல்ல நிலைக்கான அளவு அன்று. அமெரிக்காவில் கனரக வாகன ஓட்டுநர்களுக்கான கையேடு, 10 பாகைக்கு மேல், அதாவது 20 அங்குல ஸ்டீயரிங்கில் ஏறத்தாழ 2 அங்குலத்துக்கு மேல், ஆட்டம் இருந்தால் அதைக் குறைபாடாகக் கருதுகிறது.

கண்டறியும் முறை

முதலில் டயர்களின் காற்றழுத்தத்தைச் சரிபார்க்க வேண்டும். காற்றுக் குறைந்த டயரும் வண்டியை அலைய வைக்கும். பிறகு சமதளத்தில் சக்கரங்களை நேராக வைத்து நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைக்க வேண்டும். முன் சக்கரங்கள் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டியில் இன்ஜின் ஓட வேண்டும். இல்லாவிட்டால் ஆட்டம் உள்ளதைவிட அதிகமாகத் தெரியும்.

இச்சோதனைக்கு இருவர் தேவை. ஒருவர் ஸ்டீயரிங்கை இருபுறமும் சிறிது சிறிதாக அசைக்க, மற்றவர் மேலிருந்து கீழாக ஒவ்வோர் இணைப்பையும் பார்த்துவர வேண்டும். அசைவு எந்த இடத்தில் தொலைகிறதோ அங்கேதான் தேய்மானம் உள்ளது.

1. பெட்டிக்குள் செல்லும் தண்டு அசையாமல் ஸ்டீயரிங் மட்டும் அசைந்தால், மேல் தண்டின் யுனிவர்சல் ஜாயிண்ட் தேய்ந்துள்ளது.
2. தண்டு அசைந்தும் டிராப் ஆர்ம் அசையாவிட்டால், குறை பெட்டிக்குள் உள்ளது.
3. பெட்டியே சேசிஸின் மேல் அசைந்தால், அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் தளர்ந்துள்ளன.
4. டிராப் ஆர்ம் அசைந்தும் டிராக் லிங்க் உடனே நகராவிட்டால், அங்குள்ள பால் ஜாயிண்ட் தேய்ந்துள்ளது. டை ராட் முனைகளையும் இவ்வாறே பார்க்க வேண்டும்.

அடுத்து முன் அச்சை ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான தாங்கிகளின் மேல் நிறுத்த வேண்டும். கடிகாரத்தில் 12, 6 இருக்கும் இடங்களில் டயரைப் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் தெரிந்தால் மற்றொருவர் பிரேக்கை மிதிக்க வேண்டும். அப்போது ஆட்டம் நின்றால் குறை சக்கர பேரிங்கில் உள்ளது. நிற்காவிட்டால் கிங் பின்னில் உள்ளது. ஸ்பிரிங்குகளின் யூ போல்ட், ஷேக்கிள் பின், புஷ் ஆகியவையும் இறுக்கமாக உள்ளனவா என்று பார்க்க வேண்டும். அவை தளர்ந்தால் அச்சே இடம் மாறும்.

பொதுவாக நேரும் தவறு

ஸ்டீயரிங் பெட்டியின் மேல் ஒரு சரிசெய்யும் திருகு இருக்கும். எந்தச் சோதனையும் செய்யாமல் அதை இறுக்குவது பலரும் செய்யும் தவறு. லாரி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால், பெட்டியின் பற்கள் நடுப்பகுதியில்தான் அதிகம் தேயும். நடுவில் உள்ள ஆட்டம் போகும்வரை திருகை இறுக்கினால், தேயாத ஓரப் பற்கள் திருப்பங்களில் பிடித்துக்கொள்ளும். வளைவில் திரும்பிய ஸ்டீயரிங் தானாக நேர்நிலைக்கு வராது. இது பழைய ஆட்டத்தைவிட ஆபத்தானது. தேய்ந்துபோன பால் ஜாயிண்டும் அப்படியே இருக்கும்.

சரிசெய்தல்

தேய்ந்த பால் ஜாயிண்டுகளைப் புதிதாக மாற்ற வேண்டும். கூம்பு வடிவத் துளையைத் துடைத்துச் சுத்தம் செய்து, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அளவுக்கு நட்டை இறுக்கிப் புதிய ஸ்பிளிட் பின் போட வேண்டும். பின்னுக்கான துளை நேராக அமையாவிட்டால் நட்டை மேலும் சிறிது இறுக்கலாம், தளர்த்தக் கூடாது. டை ராட் முனையை மாற்றினால், சக்கரங்களின் முன்பக்க, பின்பக்க இடைவெளிகளை ஒப்பிடும் டோ அளவையும் மீண்டும் சரிசெய்ய வேண்டும்.

கிங் பின்னை அதன் புஷ், த்ரஸ்ட் பேரிங் ஆகியவற்றுடன் முழுத் தொகுதியாக மாற்றுவதே முறை. புதிய புஷ்களைப் பொருத்தியபின், தேவையான இடங்களில் ரீமர் கொண்டு உட்புறத்தைச் சரியான அளவுக்குக் கடைய வேண்டும்.

மற்ற இணைப்புகள் சரியான பிறகே பெட்டியின் திருகைத் தொட வேண்டும். டிராக் லிங்கைக் கழற்றிவிட்டு, ஸ்டீயரிங் நடுநிலையில் இருக்கும்போது சிறிது சிறிதாகச் சரிசெய்து, ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை சுற்றிப் பார்க்க வேண்டும். எங்காவது பிடித்தால் அந்தப் பெட்டியைப் பிரித்துப் பழுதுபார்க்க வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். ஸ்டீயரிங் உறுப்புகளைச் சூடேற்றி வளைப்பதும், உடைந்தவற்றை வெல்டிங் வைப்பதும் கூடாது.

பராமரிப்பு

தேய்மானத்துக்கு முதன்மையான காரணங்கள் கிரீஸ் இல்லாமையும், கிழிந்த ரப்பர் உறை வழியாக நுழையும் மணலும் நீரும் ஆகும். கிங் பின்னுக்கு கிரீஸ் அடிக்கும்போது அச்சை உயர்த்தி வைத்தால், எடை தாங்கும் பரப்புக்கும் கிரீஸ் சென்று சேரும். பழுது பார்த்த வண்டி சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் எல்லா நட்டுகளையும் மறுபடி பார்ப்பது நல்லது.

ஓட்டுநரின் கைக்கும் முன் சக்கரங்களுக்கும் இடையே இருப்பது ஒரே ஒரு இணைப்புத் தொடர்தான். மிகவும் தேய்ந்த பால் ஜாயிண்ட் ஓட்டத்தில் கழன்றுவிட்டால், அதன் வேலையைச் செய்ய வேறோர் உறுப்பு இல்லை. எனவே ஸ்டீயரிங்கில் ஆட்டம் வழக்கத்தைவிடக் கூடியதாகத் தெரிந்தால், அடுத்த நடைக்கு முன்பே அதன் காரணத்தைக் கண்டறிய வேண்டும்.